அடுத்த கன்சோலில் படம் எப்படி இருக்கும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதுக் கன்சோல் வரப்போகிறது என்று பேச்சு எழுந்தாலே கேம் ஆடுகிறவர்கள் நடுவே வாக்குவாதமும் தொடங்கிவிடும். எத்தனை டெராஃப்ளாப்ஸ், நிஜமான 4கே-தானா, டிரெய்லரில் பார்த்தது கையிலும் கிடைக்குமா என்று நாள்கணக்கில் ஓடும். பிளேஸ்டேஷன் 2 காலத்திலிருந்து நானும் இந்தப் பேச்சில் இருக்கிறேன். என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளுக்கு இங்கே ஒரே இடத்தில் பதில் எழுதி வைக்கிறேன்.

படிக்கும் முன் இரண்டு எண்களை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஃப்ரேம் என்பது திரையில் வந்து போகும் ஒரு முழுப் படம். நொடிக்கு 30 ஃப்ரேம் ஓடும் கேமில் ஒரு ஃப்ரேமை வரைந்து முடிக்கக் கன்சோலுக்குக் கிடைப்பது 33.3 மில்லிநொடி. 60 ஃப்ரேம் என்றால் 16.7 மில்லிநொடி. கிராபிக்ஸ் பற்றிய சண்டைகள் பெரும்பாலும் இந்தச் சின்ன நேரத்தை எதற்குச் செலவழிப்பது என்ற சண்டைதான்.

டெராஃப்ளாப்ஸ் அதிகம் இருந்தால் படம் நன்றாக இருக்கும், இல்லையா?

ஒரே சிப் குடும்பத்துக்குள் ஒப்பிட்டால் ஓரளவுக்குச் சரி. வேறு வேறு தலைமுறைகளை ஒப்பிட அந்த எண் உதவாது.

ஒரு டெராஃப்ளாப் என்பது நொடிக்கு ஒரு லட்சம் கோடி தசமக் கணக்குகள். அந்த எண்ணை யாரும் ஓடவிட்டு அளப்பதில்லை, பெருக்கித்தான் எடுக்கிறார்கள். பிளேஸ்டேஷன் 5-இன் கிராபிக்ஸ் சிப்பில் 36 கணக்கீட்டு அலகுகள். ஒவ்வொன்றிலும் 64 பாதைகள். ஒரு சுற்றுக்குப் பாதை ஒன்றுக்கு 2 கணக்கு. வேகம் அதிகபட்சம் 2.23 கிகாஹெர்ட்ஸ். பெருக்கினால் 10.28 வரும். எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸில் 52 அலகுகள், 1.825 கிகாஹெர்ட்ஸ், 12.15 வரும். சிப்பின் எல்லாப் பாதைகளும் ஒரு சுற்றுகூடச் சும்மா இருக்காமல் வேலை செய்தால் கிடைக்கும் எண் இது. எந்த கேமிலும் அப்படி நடப்பதில்லை. நினைவகத்திலிருந்து தகவல் வரும்வரை சிப் காத்திருக்கும், உருவங்களைக் கட்டும் முக்கோணங்களைப் பிரிக்கும் பகுதி நிரம்பிவிடும், பிராசசர் தாமதிக்கும்.

2020 முழுக்க 12-ஆ 10-ஆ என்று அடித்துக்கொண்டார்கள். நவம்பரில் இரண்டும் கடைக்கு வந்தபின் அசாசின்ஸ் கிரீட் வல்ஹாலாவை இரண்டிலும் ஓடவிட்டுப் பார்த்தால், ஆரம்ப நாட்களில் 60 ஃப்ரேமை அதிகம் தக்கவைத்தது 10.28 எண் கொண்ட பெட்டிதான்.

இன்னொன்றையும் பாருங்கள். 2005-இல் பிளேஸ்டேஷன் 3-ஐ அறிவித்தபோது மொத்தத் திறன் 2 டெராஃப்ளாப்ஸ் என்று சோனி சொன்னது. 2013-இல் பிளேஸ்டேஷன் 4-க்குச் சொன்னது 1.84. எண்ணை நம்பினால் புதியது பழையதைவிட வலு குறைந்தது. இரண்டையும் ஆடியவர்களுக்கு உண்மை தெரியும். முன்னதில் குறிப்பிட்ட வேலையை மட்டும் செய்யும் வன்பொருளின் கணக்கையும் சேர்த்துவிட்டார்கள். பின்னதில் கேம் எழுதுகிறவர் விருப்பப்படி பயன்படுத்தக்கூடிய கணக்கு மட்டும். பிளேஸ்டேஷன் 5 புரோ வந்தபோதும் 33 என்றொரு எண் உலவியது. சோனி கன்சோல்களின் தலைமை வடிவமைப்பாளர் மார்க் செர்னி 16.7 என்றே சொன்னார். எண்ணும் முறை மாறியதால் வந்த இரட்டிப்பு அது.

டிரெய்லரில் காட்டுவது உண்மையா?

இதற்கு ஆம், இல்லை என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடியாது. அதனால் கதையாகவே சொல்கிறேன்.

2005 மே மாதம், லாஸ் ஏஞ்சலிஸில் இ3 கண்காட்சி சமயம். பிளேஸ்டேஷன் 3 அறிமுகத்தில் கில்சோன் 2-இன் டிரெய்லர் ஓடியது. போர் நடக்கும் நகரத்துக்குள் வீரர்கள் பறக்கும் வண்டியில் வந்து இறங்குகிறார்கள். புகை, தூசி, வெடிப்பு, முகபாவம் எல்லாம் அதுவரை எந்தக் கன்சோலிலும் பார்க்காத தரம். இது கன்சோலிலேயே ஓடுகிறதா என்று அன்றே சண்டை தொடங்கிவிட்டது. ஓடவில்லை. அனிமேஷன் ஸ்டுடியோவில் முன்கூட்டியே செய்த படம் அது. கேம் இப்படி இருக்க வேண்டும் என்ற இலக்கைக் காட்டுவதற்காகச் செய்தது. மேடையில் அதைத் தெளிவாகச் சொல்லாததுதான் தவறு. அந்தக் கோபம் நியாயமானது என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. கேம் 2009 பிப்ரவரியில் வந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் உருவங்களின் நுணுக்கம் டிரெய்லர் அளவுக்கு இல்லை. ஆனால் அந்தப் புகைமூட்டம், துப்பாக்கி வெடிக்கும் நேரத்தில் சுவரில் விழும் வெளிச்சம், அந்தக் கனம், எல்லாம் வந்திருந்தன. முதலில் காட்சியின் வடிவத்தையும் நிறத்தையும் தனித்தனி அடுக்குகளாகச் சேமித்து, வெளிச்சத்தைக் கடைசியில் கணக்கிடும் முறையைக் கையாண்டார்கள். அதனால் நிறைய விளக்குகளை வைக்க முடிந்தது. எட்டாத இலக்கு ஒன்றைப் பகிரங்கமாக வைத்துவிட்டு, அதைத் துரத்தியே ஒரு நல்ல முறையைப் பிடித்த குழு அது.

2020 ஜூலையில் நடந்தது இதற்கு நேர்மாறு. ஹேலோ இன்ஃபினிட்டின் உண்மையான ஆட்டக் காட்சியைக் காட்டினார்கள். படம் தட்டையாக இருக்கிறது என்று ஒரேயடியாகக் கேலி. உணர்ச்சியே இல்லாமல் பார்த்த ஒரு எதிரியின் முகம் நாள் முழுக்கச் சுற்றியது. காரணம் வெளிச்சம். பகல் இரவு மாறும் திறந்த உலகம் என்பதால் ஒளியை முன்கூட்டியே வரைந்து ஒட்ட முடியாது. காட்டிய காட்சியோ பெரும்பகுதி மலை நிழலில் நடந்தது. நேரடி வெயில் இல்லாத இடத்தில் ஒளி சிதறி நிரம்புவதைக் கணக்கிட நேரம் போதாததால் எல்லாமே பிளாஸ்டிக் போலத் தெரிந்தது. கேம் தள்ளிப்போய் 2021 டிசம்பரில் வந்தது. இருப்பதை இருப்பது போலவே காட்டிய குழுவுக்கு அவ்வளவு அடி விழுந்தது எனக்கு வருத்தம்தான். இப்படி அடித்தால் அடுத்த குழு அழகுபடுத்தாத காட்சியை வெளியே விடவே யோசிக்கும்.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? நான் மூன்று இடங்களைப் பார்ப்பேன். தூரத்துப் புல், கம்பிவேலி போன்ற மெல்லிய பொருட்கள். கேமரா திரும்பும்போது அவை சற்றும் நடுங்கவில்லை என்றால் சந்தேகப்படுங்கள். அடுத்து நிழலின் விளிம்பு. தூரத்தில் நிழல் கரடுமுரடாக மாறினால் அது நிஜமாக ஓடும் கேம். மூன்றாவது கேமரா. ஆடுகிறவர் கையில் இருக்கும் கேமரா தயங்கும், அதிகமாகத் திரும்பிவிட்டுப் பின்வாங்கும். சினிமா கேமரா அப்படிச் செய்யாது. ஜிடிஏ 6-இன் இரண்டாவது டிரெய்லர் 2025 மே மாதம் வந்தபோது, முழுவதும் பிளேஸ்டேஷன் 5-இல் பதிவானது, ஆட்டக் காட்சியும் கதைக் காட்சியும் சரிபாதி என்று ராக்ஸ்டார் பிறகு தெரிவித்தது. எல்லா நிறுவனங்களும் இந்த ஒரு வரியையாவது சொல்ல வேண்டும்.

பெட்டியில் 4கே என்று போட்டிருக்கிறது. கேம் நிஜமாகவே 4கே-யில் ஓடுகிறதா?

பெரும்பாலும் இல்லை. 4கே என்றால் 3840-க்கு 2160. ஏறத்தாழ 83 லட்சம் புள்ளிகள். 1440பி-யில் 37 லட்சம், 1080பி-யில் 21 லட்சம். ஒவ்வொரு புள்ளிக்கும் வெளிச்சம் கணக்கிட வேண்டும். 16.7 மில்லிநொடியில் 83 லட்சம் புள்ளிக்கும் நல்ல வெளிச்சம் போடு என்றால் எந்த விலை குறைந்த பெட்டியாலும் முடியாது. எனவே குறைந்த புள்ளிகளில் வரைந்து பெரிதாக்குகிறார்கள். இதற்குப் பெயர் அப்ஸ்கேலிங்.

இது புதிதும் இல்லை. 2007-இல் ஹேலோ 3 ஓடியது 1152-க்கு 640-இல். எச்டி கன்சோலில் 720பி கூட இல்லையா என்று அன்றும் பெரிய சண்டை. பிரகாசத்தின் ஏற்றத்தாழ்வை அதிகம் காட்டும் ஒளிக்கணக்குக்காகப் புள்ளிகளை விட்டுக்கொடுத்ததாக அந்தக் குழு விளக்கியது. ஆடும்போது புள்ளிக் குறைவு யாருக்கும் உறுத்தவில்லை. தண்ணீரில் வெயில் பட்டது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

அப்ஸ்கேலிங் என்பது ஏமாற்று வேலைதானே? இல்லாத புள்ளியை ஏஐ கற்பனை செய்கிறது என்கிறார்களே.

கற்பனை என்ற சொல் பொருந்தாது. முந்தைய ஃப்ரேம்களில் வரைந்த புள்ளிகள் கன்சோலிடம் இருக்கின்றன. எந்தப் பொருள் எந்தப் பக்கம் எவ்வளவு நகர்ந்தது என்ற தகவலும் கேமிடம் இருக்கிறது. ஒவ்வொரு ஃப்ரேமிலும் கேமராவை அரைப்புள்ளி அளவுக்கும் குறைவாக அசைத்து வரைந்தால், நாலைந்து ஃப்ரேம்களைச் சேர்த்துப் பார்க்கும்போது கூடுதல் விவரம் நிஜமாகவே கிடைக்கிறது. எந்தப் பழைய புள்ளி இன்னும் செல்லும், எதைத் தூக்கிப்போட வேண்டும் என்று முடிவெடுப்பதுதான் கஷ்டம். முன்பு அந்த விதிகளை மனிதர்கள் எழுதினார்கள். இப்போது பயிற்சி பெற்ற நரம்பியல் வலை முடிவெடுக்கிறது. என்விடியாவின் டிஎல்எஸ்எஸ், பிளேஸ்டேஷன் 5 புரோவின் பிஎஸ்எஸ்ஆர் இரண்டும் இந்த வகை.

தப்பும் நடக்கும். 2024 நவம்பரில் புரோ வந்த புதிதில் சில கேம்களில் புல், இலை, மங்கலான பிரதிபலிப்பு இருக்கும் இடங்களில் எறும்பு ஊர்வது போல மினுக்கம் தெரிந்தது. அசையாமல் நிறுத்தி எடுத்த படத்தில் அது தெரியாது. அதனால்தான் ஸ்கிரீன்ஷாட்டை வைத்து வாதாடாதீர்கள் என்று சொல்கிறேன். ஓடும்போது பாருங்கள்.

எனக்கு பிளேஸ்டேஷன் 4-க்கும் 5-க்கும் பெரிய வித்தியாசமே தெரியவில்லை. வளர்ச்சி நின்றுவிட்டதா?

நிற்கவில்லை. இடம் மாறியிருக்கிறது.

ஒரு தலையை 100 முக்கோணத்திலிருந்து 1,000 முக்கோணத்துக்கு மாற்றினால் ஊருக்கே தெரியும். 10,000-லிருந்து 1,00,000-க்கு மாற்றினால் காது மடலுக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்தால்தான் தெரியும். உருவத்தில் கிடைக்கக்கூடிய பெரும் லாபம் முடிந்துவிட்டது. அதோடு இந்தத் தலைமுறையின் பெரிய கேம்கள் பல, ஹொரைசன் ஃபர்பிடன் வெஸ்ட், காட் ஆஃப் வார் ரக்னராக் உட்பட, பிளேஸ்டேஷன் 4-க்கும் வந்தன. பழைய பெட்டியில் ஓட வேண்டிய கேம் புதுப்பெட்டியின் முழு வலுவை நம்பி வடிவமைக்கப்படாது.

மாற்றம் இருப்பது ஒளியில். ஒளிக்கதிர் எதில் மோதுகிறது என்று தேடிக் கணக்கிடும் ரே டிரேசிங் அதில் முக்கியமானது. இதை நீங்களே சோதிக்கலாம். ஸ்பைடர்மேன் மைல்ஸ் மொராலிஸ் கேமில் ஏதாவது ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் சுவரில் ஒட்டிக்கொண்டு நில்லுங்கள். ரே டிரேசிங் இல்லாத நிலையில் கண்ணாடியில் ஒரு நகரம் தெரியும், ஆனால் அது உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும் தெரு இல்லை; முன்கூட்டியே எடுத்து ஒட்டிய பொதுவான படம். நீங்களும் அதில் இருக்கமாட்டீர்கள். ரே டிரேசிங்கைப் போட்டுவிட்டு அதே இடத்தில் நின்றால் மைல்ஸ் தெரிவான், எதிர்ச் சுவர் தெரியும், கீழே போகும் கார் கண்ணாடிக்குள்ளும் போகும். முதல்தடவை பார்த்தபோது அந்தச் சுவரிலேயே பத்து நிமிடம் ஏறி இறங்கிக்கொண்டிருந்தேன். கதை அங்கேயே நின்றது.

பிரதிபலிப்பைவிடப் பெரிய விஷயம் சிதறிய ஒளி. ஜன்னல் வழியே வரும் வெயில் சிவப்புத் தரையில் பட்டு, அந்தச் சிவப்பு கொஞ்சம் கூரையில் ஏறும் இல்லையா, அது. பழைய முறையில் இதைப் பல மணிநேரம் கணக்கிட்டுச் சுவரில் படமாக ஒட்டிவிடுவார்கள். சுவர் இடிந்தாலும் கதவு திறந்தாலும் அந்த ஒளி மாறாது. 2021-இல் மெட்ரோ எக்ஸடஸின் மேம்பட்ட பதிப்பு அந்தப் பழைய ஒளியைத் தூக்கியெறிந்துவிட்டு எல்லாவற்றையும் ரே டிரேசிங்கில் கணக்கிட்டது. கன்சோலில் 60 ஃப்ரேமில். 2024 டிசம்பரில் இண்டியானா ஜோன்ஸ் கேமும், 2025 மே மாதம் டூம் தி டார்க் ஏஜஸும் அதே வழியில் வந்தன. என்னைப் பொறுத்தவரை இந்தத் தலைமுறையின் உண்மையான அடையாளம் இந்த மூன்றுதான்.

நுண்வடிவத்திலும் ஒரு பாய்ச்சல் நடந்திருக்கிறது. 2020 மே 13-இல் எபிக் நிறுவனம் பிளேஸ்டேஷன் 5-இல் அன்ரியல் எஞ்சின் 5 என்ற கேம் உருவாக்கும் மென்பொருளைக் காட்டியது. ஒரு சிலையில் மட்டும் 3.3 கோடிக்கும் மேற்பட்ட முக்கோணங்கள். பிறகு அதே சிலைகள் ஏறக்குறைய 500 நிற்கும் கூடம். மொத்தம் 1,600 கோடி. ஒவ்வொரு ஃப்ரேமிலும் கண்ணுக்குத் தெரியும் பகுதியை மட்டும் வடிகட்டி ஏறத்தாழ 2 கோடி முக்கோணங்களை வரைகிறது. அந்தக் காட்சி பெரும்பாலும் 1440பி, 30 ஃப்ரேம். 4கே-யும் இல்லை, 60-உம் இல்லை. ஆனாலும் அதைப் பார்த்து வாய் பிளக்காதவர் குறைவு.

30 ஃப்ரேமா, 60 ஃப்ரேமா?

60. கேமராவை வேகமாகத் திருப்பும் எந்த கேமுக்கும் 60-தான். மார்க் செர்னியே 2024-இல் சொன்ன தகவல், முக்கால்வாசி நேரம் ஆட்டக்காரர்கள் வேகம் தரும் மோடையே தேர்ந்தெடுக்கிறார்கள். பிளேஸ்டேஷன் 4 தலைமுறையில் 30 அதிகம் இருந்ததற்குப் பெரிய காரணம் அதன் பலவீனமான பிராசசர். அந்தத் தடை இப்போது இல்லை.

நொடிக்கு 120 தடவை படத்தைப் புதுப்பிக்கும் 120 ஹெர்ட்ஸ் டிவி வைத்திருப்பவர்களுக்கு 40 ஃப்ரேம் என்ற நடுவழி உண்டு. ராட்செட் அண்ட் கிளாங்க் ரிஃப்ட் அபார்ட்டில் இருக்கிறது. எண்ணில் 40 என்பது 30-க்குப் பக்கத்தில் தெரியும். நேரத்தில் பார்த்தால் 25 மில்லிநொடி, 33.3-க்கும் 16.7-க்கும் சரிநடுவில். கையில் பிடித்து ஆடினால் அந்த நடு நன்றாகவே உணரப்படும்.

எஸ்எஸ்டி-க்கும் கிராபிக்ஸுக்கும் என்ன சம்பந்தம்?

எஸ்எஸ்டி என்பது சுழலும் தட்டு இல்லாத வேகமான சேமிப்பகம். பழைய ஹார்ட் டிஸ்கில் 1 ஜிபி தகவலை எடுக்க பிளேஸ்டேஷன் 4-க்குச் சுமார் 20 நொடி. பிளேஸ்டேஷன் 5-இல் 2 ஜிபி எடுக்க 0.27 நொடி என்பது இலக்கு. 2020 மார்ச் 18 அன்று செர்னி கொடுத்த விளக்கத்தில் எனக்குப் பிடித்தது ஒரு அஞ்சல் பெட்டி. ஸ்பைடர்மேன் கேமில் தெருவோர அஞ்சல் பெட்டி போன்ற சாதாரணப் பொருளின் தகவலே டிஸ்கில் 400 தடவை வரை எழுதப்பட்டிருந்தது. ஊசி தேடி அலையாமல் பக்கத்திலேயே கிடைக்க வேண்டும் என்பதற்காக! அந்தக் கட்டாயம் போனதும், நீங்கள் திரும்பும் திசையின் உயர்தரப் படங்களை அந்தக் கணத்தில் கொண்டுவர முடிகிறது. நினைவகத்தை முதுகுக்குப் பின்னால் இருப்பதற்காக வீணடிக்க வேண்டியதில்லை.

ஸ்விட்ச் 2 இந்தப் போட்டியில் இருக்கிறதா?

வலுவில் இல்லை, வழியில் இருக்கிறது. 2025 ஜூன் 5-இல் வந்த நின்டெண்டோவின் இந்தக் கைக்கன்சோல் சைபர்பங்க் 2077-ஐ ஓட்டுகிறது. அது முடிவதற்கு டிஎல்எஸ்எஸ் முக்கியக் காரணம். எதிர்காலம் எந்தப் பக்கம் என்று அதுவே காட்டுகிறது.

பிளேஸ்டேஷன் 5 புரோ 2024-இல் இந்தியாவுக்கு ஏன் வரவில்லை?

கிராபிக்ஸ் காரணம் இல்லை. அதில் இருக்கும் வைஃபை, 6 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைப் பயன்படுத்தும். 2024-இல் அது வந்தபோது இந்தியா அந்த அலைவரிசையை அனுமதித்திருக்கவில்லை.

அடுத்த தலைமுறையில் என்ன எதிர்பார்க்கலாம்?

சோனியும் சிப் நிறுவனமான ஏஎம்டியும் சேர்ந்து நடத்தும் வேலைக்கு அமெதிஸ்ட் என்று பெயர். 2025 அக்டோபரில் செர்னியும் ஏஎம்டியின் ஜாக் ஹுவினும் மூன்று விஷயங்களைச் சொன்னார்கள். கணக்கீட்டு அலகுகள் தனித்தனியாக இல்லாமல் கூட்டாகச் சேர்ந்து நரம்பியல் வலையை ஓட்டுவது. ஒளிக்கதிர் எதில் மோதுகிறது என்று தேடும் வேலைக்கென்றே தனி வன்பொருள். நினைவகத்துக்குப் போகிற வருகிற தகவல் அனைத்தையும் சுருக்கி அனுப்புவது. இவை அப்போது கணினிப் பாவனையில் மட்டுமே இருந்தன என்றும், சில வருடங்களில் ஒரு கன்சோலில் கொண்டுவர விருப்பம் என்றும் செர்னி சொன்னார். மைக்ரோசாஃப்டும் 2025 ஜூனில் ஏஎம்டியுடன் பல ஆண்டு ஒப்பந்தத்தை அறிவித்தது.

இந்த மூன்றில் ஒன்றுகூட வெறும் டெராஃப்ளாப்ஸ் பெருக்கம் இல்லை என்பதைக் கவனியுங்கள். பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் சிப்களில் கதிர் தேடும் வேலையின் பெரும்பகுதி பொதுக் கணக்கீட்டு அலகுகளின் தலையில் விழுகிறது. அவை அதே நேரத்தில் நிறமும் கணக்கிட வேண்டும். தேடலைத் தனியாகப் பிரித்தால் அந்த 16.7 மில்லிநொடியில் கணிசமான இடம் காலியாகும். அதில் ஒளியை ஒரு மோதலோடு நிறுத்தாமல் இரண்டு, மூன்று மோதல் வரை தொடரலாம். எனக்கு வேண்டியது அதுதான். 8கே பற்றி யாராவது பேசினால் நான் கேட்பதில்லை.

விலை ஏறுமா?

முன்பு சிப் தயாரிப்பு நுட்பம் சிறிதாகச் சிறிதாக விலை இறங்கும். பிளேஸ்டேஷன் 2 அமெரிக்காவில் 2000-இல் 299 டாலருக்கு வந்தது, 2002-இல் 199. பிளேஸ்டேஷன் 5 அங்கே 2020-இல் 499.99, 2025 ஆகஸ்டில் 549.99. ஐந்து வருடத்தில் ஏறியிருக்கிறது. அடுத்தது மலிவாக வரும் என்று எதிர்பார்த்து உட்கார்ந்திருக்காதீர்கள்.

என் டிவி பழையது. 60 ஹெர்ட்ஸ், 1080பி. புதுக் கன்சோல் வாங்கினால் பயன் உண்டா?

உண்டு. ஒளி, நிழல், ஃப்ரேம் வேகம், லோடிங் எல்லாம் அப்படியே கிடைக்கும். அதிகப் புள்ளிகளில் வரைந்ததை 1080பி-க்குச் சுருக்கிக் காட்டும்போது விளிம்புகள் இன்னும் மென்மையாக இருக்கும். இழப்பது 40 மற்றும் 120 ஃப்ரேம் மோடுகளும், டிவியில் எச்டிஆர் இல்லையென்றால் பிரகாசத்தின் முழு வீச்சும். டிவி மாற்றும் எண்ணம் இருந்தால் புள்ளிகளின் எண்ணிக்கையை விட்டுவிட்டு எச்டிஎம்ஐ 2.1 இணைப்பு இருக்கிறதா, எச்டிஆரில் திரை நிஜமாகவே பிரகாசமாகிறதா என்று கடையிலேயே ஒரு கேமை ஓடவிடச் சொல்லிப் பாருங்கள். டெமோ வீடியோ வேண்டாம், கேம்.